கையறிந்த மரம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. யாமோ புலவரல்லோம், கோப்புகளோடு முப்பத்தைந்து ஆண்டுகள் உறவாடி ஓய்வு பெற்றவர். ஆயினும் பொறுப்பாளர்கள் எம்மை விடாது வற்புறுத்தி, "வீட்டில் ஏதோ மரவேலை செய்கின்றீரே, அதைப் பற்றியே பேசுக" என்று பணித்தனர். பால்கனியில் உளி பிடிப்பவனுக்கு மேடை எதற்கு என்று முதலில் தயங்கினோம். பின்னர் ஒரு செய்தி நினைவுக்கு வந்தது, தயக்கம் நீங்கியது.

புறநானூற்றிலே ஔவையார் பாடிய பாட்டு ஒன்று உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தரக் காலம் நீட்டித்தபோது, அவன் வாயில் காப்போனை நோக்கிப் பாடியது. கல்வியுடையோர் எத்திசை சென்றாலும் உணவு கிடைக்கும் என்று கூற வந்த அப்பெருமாட்டி, அதற்கு எடுத்துக்காட்டிய உவமை யாது? மரவேலையில் கை தேர்ந்த தச்சச் சிறுவர் கோடரியோடு காட்டுக்குள் சென்றால் அவர்க்கு எப்பக்கமும் வேலை உண்டு. அதுபோலவே கற்றோர்க்கும் எத்திசையும் உண்டு என்பதே அது.

அன்பர்களே, பிழைப்புத் தேடி வடக்கே வந்த நமக்கு இதனினும் பொருந்தும் பாட்டு வேறில்லை. நம் தந்தையரும் நாமும் கல்வியை நம்பியே புகைவண்டி ஏறினோம். ஆனால் ஒன்றை மறந்தோம். கற்றோனுக்கு ஒப்பாகத் தச்சனை நிறுத்தினார் ஔவையார். நாம் கல்வியை மட்டும் கட்டி எடுத்துக்கொண்டு, கோடரியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தோம். அதுமட்டுமா? கோடரி பிடித்த கையைச் சற்றுக் கீழாகவும் எண்ணப் பழகிவிட்டோம்.

இதனைப் பிறரைக் குறித்துச் சொல்லவில்லை. எம்மைக் குறித்தே சொல்கின்றோம். தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரில் எம் பாட்டனார் வீட்டில் கதவு, நிலை, ஊஞ்சற்பலகை எல்லாம் செய்யத் தச்சர் ஒருவர் மாதக்கணக்கில் கொல்லைப்புறத்தில் தங்கி வேலை செய்வார். இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக மரச்சீவல் விழும். அதைப் பொறுக்கி விளையாடலாம்; உளியைத் தொடலாகாது. "கையில் பட்டுவிடும்" என்பார்கள். அது சொன்ன காரணம். "அது நம் வேலையன்று" என்பது சொல்லாத காரணம். அத்தச்சர்க்கு உணவு தனியே, திண்ணைக்கும் அப்பால் இடப்பட்டது. எமக்கு அன்று அது தவறாகத் தோன்றவில்லை. அவ்வாறு தோன்றாமையே தவறு என்று உணர எமக்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின.

இனி, யாம் உளி பிடித்த கதைக்கு வருவோம்.

2011ஆம் ஆண்டில் எம் அன்னையார் ஊரை விட்டு எம்மோடு வந்து தங்கினார்கள். வரும்போது ஒரு மரப்பெட்டி நிறையக் கொலுப் பொம்மைகளையும் கொண்டு வந்தார்கள். எம் வீட்டிலோ அதுவரை தகரப்பெட்டிகளையும் பழைய புத்தகக் கட்டுகளையும் அடுக்கி, வேட்டி விரித்துப் படி என்று பெயர் சூட்டுவதே வழக்கம். அன்னையார் அதைப் பார்த்துவிட்டு, "மரத்தாலே ஒரு படி கட்டக் கூடாதா?" என்று ஒரே ஒருமுறை கேட்டார்கள்.

ஆவணி மாதத்து மழையில் மரக்கடைக்குச் சென்று, ஒன்பது அங்குல அகலமுள்ள மாம்பலகைகள் ஐந்து வாங்கினோம். விலை குறைவு என்பதே தேர்வுக்குக் காரணம். அடியில் குறுக்குச் சட்டங்களை வைத்து, ஒவ்வொன்றிலும் நான்கு நான்கு ஆணிகளை அறைந்தோம். ஆணி மிகுந்தால் உறுதி மிகும் என்பது எம் கணக்கு. அவ்வாண்டு நவராத்திரி இனிதே முடிந்தது. படிகளைப் பரணில் ஏற்றினோம்.

மறு ஆண்டு, 2012இல் இறக்கியபோது இரண்டு பலகைகளில் நீளவாட்டில் மெல்லிய வெடிப்பு இருந்தது. அதனைப் பெரிதாகக் கருதாமல் துணியை விரித்து மூடினோம். மூன்றாம் நாள் இரவு, எதிர்பாரா வகையில் நான்காம் படிப் பலகை இரண்டாகப் பிளந்து சரிந்தது. செட்டியார் பொம்மை கீழே விழுந்து நொறுங்கியது. அது எம் அன்னையாரின் திருமணத்துக்கு அவர்தம் தாய்வீட்டிலிருந்து வந்தது. அன்னையார் ஒரு சொல்லும் கூறவில்லை. உடைந்தவற்றைப் பொறுக்கி முறத்தில் எடுத்துவைத்துவிட்டு, மளிகைப் பொருள்களுக்கு நடுவே செட்டிச்சி பொம்மையை மட்டும் தனியே உட்கார வைத்தார்கள். எஞ்சிய நாள்கள் யாவும் அது தனியாகவே இருந்தது.

அவ்வாரத்தில் அடுத்த வீட்டுக் கதவைச் செப்பனிட மிஸ்திரி ஒருவர் வந்தார். மரச் செதுக்கு வேலைக்குப் பெயர்பெற்ற சகாரன்பூர் நகரத்தைச் சேர்ந்தவர். பிளந்த பலகையை அவரிடம் காட்டி, "மரம் மட்டமானதுதானே?" என்று கேட்டோம். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார், ஆணிகளை எண்ணினார், பிறகு சொன்னார்: "பாபுஜி, மரத்தின்மேல் குற்றம் இல்லை. அது மூச்சு விட வேண்டும். நீங்கள் அதன் இரண்டு கைகளையும் கட்டிவிட்டீர்கள்."

இச்சொல்லின் உள்ளே ஓர் இயற்கை விதி அடங்கியிருக்கிறது. அதனை உங்கள் முன் விளக்க விரும்புகின்றோம். ஏனெனில் வீட்டில் மரவேலை செய்வோர் அறிய வேண்டிய முதற்பாடம் அதுவே.

மரம் வெட்டப்பட்ட பின்னும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாக இருக்கும். ஈரம் ஏறினால் பருக்கும்; இறங்கினால் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக அன்று. நீளவாட்டில் சுருக்கம் ஏறக்குறைய இல்லை எனலாம். அகலவாட்டில்தான் மாற்றம் முழுவதும். அதிலும், ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் நேரும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் நேர்வதைப் போல் பொதுவாக இரு மடங்கு. அடக்கமான மரம் என்று புகழப்படும் தேக்கே, பச்சை மரமாய் இருந்து முற்றும் உலரும்போது வளையத் திசையில் நூற்றுக்கு ஏறத்தாழ 5.8 பங்கும், மற்றத் திசையில் 2.5 பங்கும் சுருங்கும்.

இக்கணக்கை எம் பலகைக்குப் பொருத்திப் பாருங்கள். மழைக்காலத்தில் வாங்கிய அரைகுறை உலர்ந்த பலகையில் நூற்றுக்கு இருபது பங்கு ஈரம் இருந்தது என்று கொள்வோம். வைகாசி வெயிலில், இத்தலைநகரின் அனற்காற்றில், அது பத்துப் பங்காக இறங்கும். தேக்கின் அளவைக் கொண்டு பார்த்தாலும் ஒன்பது அங்குலப் பலகை நான்கு மில்லிமீட்டருக்கு மேல் சுருங்க வேண்டும். குறுக்குச் சட்டமோ தன் நீளவாட்டில் கிடப்பதால் சுருங்காது. ஆணிகளோ இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சுருங்கவும் முடியாது, சுருங்காதிருக்கவும் முடியாது என்ற நிலையில் பலகை வெடிப்பதன்றி வேறென் செய்யும்? கடற்கரைச் சென்னையில் ஓராண்டு முழுதும் காற்றில் ஈரம் உண்டு. தில்லியிலோ வறட்சியும் ஈரமும் மாறி மாறி வரும். ஊரில் நின்ற வேலை இங்கு நில்லாமைக்கு இதுவே காரணம்.

அந்த மிஸ்திரியை எம் வீட்டுக்கு அழைத்தோம்; ஞாயிறுதோறும் வந்து கற்பிக்க இசைந்தார். எம் பால்கனி ஒன்பதடி நீளமும் நாலடி அகலமும் உள்ளது. அதில் உறுதியான மேசை ஒன்றைச் சுவரோடு சேர்த்து நிறுத்தினோம். அதுவே பட்டறை. கருவிகளும் சிலவே: கைவாள் ஒன்று, இழைப்புளி ஒன்று, கால், அரை, முக்கால் அங்குல உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், துளைக்கருவி, சாணைக்கல், பசையிட்ட வேலையை இறுக்கும் இரும்புக் கவ்விகள் நான்கு.

முதல் நாளிலேயே ஒரு வியப்பு. அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை மிஸ்திரி 'சூத்' என்றார். அச்சொல்லுக்கு இந்தியில் நூல் என்றே பொருள். நம் தச்சரும் அதே அளவை 'நூல்' என்றே வழங்குகின்றனர் அன்றோ! வாளுக்கு அவர் 'ஆரி' என்றார். இழைப்புளிக்கு 'ரந்தா' என்றார். மூலைமட்டத்துக்குக் 'குனியா' என்றார். சொற்கள் வேறாயினும் அளவு ஒன்றே. எண்ணூறு கல்லுக்கும் அப்பால் வாழ்ந்த இரு தச்சரும் ஒரே நூலால் அளந்திருக்கின்றனர். எம் பாட்டனார் வீட்டுத் தச்சரின் பெயரைக்கூட யாம் அறிந்துகொள்ளவில்லையே என்று அன்று வருந்தினோம்.

மூலைமட்டம் நேரானதா என்று அறியும் முறையை அவர் காட்டினார். பலகையின் நேர் ஓரத்தில் மட்டத்தை வைத்து ஒரு கோடு கீறுக. மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியில் மறுகோடு கீறுக. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால் மட்டம் சரி. விரிந்தால் பிழை, அதுவும் இரு மடங்காகத் தெரியும். பிறரை அளக்குமுன் அளவுகோலை அளந்து பார் என்னும் இந்நெறி மரவேலைக்கு மட்டுமோ உரியது?

அடுத்து, துணைக்கட்டைகள். இவற்றை ஆங்கிலத்தில் ஜிக் என்பர். வேலையைச் செய்யுமுன், அவ்வேலையைத் தவறின்றிச் செய்விக்கும் சிறு கட்டையைச் செய்துகொள்வது. கைப்பழக்கம் குறைந்தவனுக்கு இதுவே ஊன்றுகோல். யாம் செய்தவற்றுள் மூன்றினைக் கூறுவோம்.

முதலாவது பிடிகட்டை. ஓரடி நீளம், எட்டங்குல அகலமுள்ள பலகை. கீழ்ப்புறத்தில் ஒரு விளிம்பில் ஒரு சட்டம்; மேற்புறத்தில் எதிர் விளிம்பில் ஒரு சட்டம். கீழ்ச்சட்டம் மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும். மேற்சட்டத்தில் மரத்தைச் சார்த்தி அறுக்கலாம். இடக்கை ஒன்றே மரத்தை அசையாமல் பிடிக்கப் போதும்.

இரண்டாவது தடைக்கட்டை. ஒரே அளவில் இருபது துண்டுகள் வேண்டுமெனில் இருபது முறை அளத்தல் கூடாது. அறுத்த துண்டை வைத்து அடுத்ததைக் குறித்துச் செல்வது அதனினும் தீது. பென்சில் கோட்டின் கனம் அரை மில்லிமீட்டர் எனில், இருபதாம் துண்டில் பிழை பத்து மில்லிமீட்டராக வளர்ந்திருக்கும். ஒருமுறை அளந்து, அவ்விடத்தில் ஒரு கட்டையை இறுக்கிவிட வேண்டும். ஒவ்வொரு துண்டின் முனையையும் அக்கட்டையில் முட்டவைத்து அறுத்தால் இருபதும் உடன்பிறப்புகளாய் இருக்கும்.

மூன்றாவது துளைவழிக் கட்டை. தடித்த கட்டை ஒன்றில் செங்குத்தாகத் துளையிட்டு, அதன் பக்கத்தில் ஒரு சட்டத்தைப் பொருத்தியது. மரத்தின்மேல் இதனை வைத்துத் துளையிட்டால் துளை சாயாது. ஓரத்திலிருந்து உள்ள தொலைவும் மாறாது.

2013ஆம் ஆண்டு தைம்மாதத்தில் புதிய கொலுப்படியைத் தொடங்கினோம். இடிக்கப்பட்ட பழைய வீடொன்றின் தேக்குக் கதவுகளை மிஸ்திரி தேடித் தந்தார். பழைய மரம் நன்கு உலர்ந்தது. ஆயினும் அசைவதை அது நிறுத்திவிடுவதில்லை என்று எச்சரித்தார். உள்ளே புதைந்த ஆணிகளைத் தேடிப் பிடுங்கிய பின்னரே இழைப்புளி வைத்தோம். பச்சைப் பலகை வாங்குவோர், இடையிடையே சிறு சட்டங்களை வைத்து நிழலில் அடுக்கி, ஓரங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்ற கணக்கில் காய விடுதல் வேண்டும். அதிலிருந்து ஒரு சிறு துண்டை அறுத்து வாரந்தோறும் நிறுத்துப் பார்க்கலாம்; எடை குறைவது நின்றால் அத்துண்டு அவ்வூர்க் காற்றோடு சமாதானம் செய்துகொண்டது என்று பொருள். சிறு துண்டு விரைவில் உலருமாதலால், பலகைக்குப் பின்னும் சில காலம் தருதல் நலம்.

படிகள் ஐந்து. ஒவ்வொன்றும் நாலடி நீளமும் ஒன்பது அங்குல அகலமும் உள்ள பலகை. உயரம் எட்டு, பதினாறு, இருபத்து நான்கு, முப்பத்திரண்டு, நாற்பது அங்குலம். ஒவ்வொரு பலகையின் கீழும் இரண்டு கால் சட்டகங்கள். ஆகப் பத்துச் சட்டகங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால், இரண்டு குறுக்குக் கட்டை. மூலைக்கு ஓர் இணைப்பாக நான்கு இணைப்புகள். கூட்டிப் பார்த்தால் நாற்பது கழுந்து, நாற்பது துளை! கணக்கிட்டபோது எமக்கு நெஞ்சு நடுங்கியது. துணைக்கட்டைகள் இல்லையேல் அவ்வேலை முடிந்திராது. துளைவழிக் கட்டையால் துளையிட்டு, உளியால் சுவரைச் சீவி, கழுந்தைச் செருகிப் பசையிட்டு, ஒவ்வொரு சட்டகத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்தோம். எதிர்ப்பக்கங்கள் சமமாயிருந்து மூலைவிட்டங்களும் சமமானால் நான்கு மூலைகளும் நேர்கோணமே. இது பள்ளியில் படித்த கணிதம். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதற்கு எம் கை பொருள் கண்டது.

பலகையைச் சட்டகத்தோடு இணைத்ததுதான் பழைய பிழைக்குக் கழுவாய். அகலத்தின் நடுவில் ஒரு திருகாணி இறுக்கமாக. அதன் இருபுறமும் ஒவ்வொரு திருகாணி. ஆனால் அவ்விரண்டுக்கும் குறுக்குக் கட்டையில் வட்டத் துளை இல்லை. பலகையின் அகலவாட்டில் நீண்ட துளை. பலகை சுருங்கினாலும் பருத்தாலும் திருகாணி அத்துளையில் நகரும். பிடிப்பும் உண்டு, விடுதலையும் உண்டு. சட்டகங்களை ஒன்றோடொன்று நீண்ட திருகாணிகளால் பூட்டினோம். திருவிழா முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிக் கட்டிலின் அடியில் அடுக்கிவிடலாம். சிறு படிகள் இரண்டும் ஆண்டு முழுதும் அமரும் பலகைகளாகப் பயன்படும்.

இளைஞர்களுக்குச் சில எச்சரிக்கைகள். உளியின் கூர்முனைக்கு முன்னே கை ஒருபோதும் செல்லலாகாது; இரு கைகளும் அதன் பின்னே இருக்கட்டும். மழுங்கிய உளியே ஆளைக் காயப்படுத்தும். மிகுந்த வலிமையைக் கேட்டு, நினையாத வேளையில் வழுக்கும். உப்புத்தாளால் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் காக்கும் முகமூடி வேண்டும். மரத்தூளைப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் வரிசையில் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995இலேயே சேர்த்துவிட்டது. ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி எறியாதீர். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும் இயல்புடையது. விரித்து வெளியே காய விடுங்கள். அடுத்த வீட்டார் உறங்கும் வேளையில் கொட்டாப்புளியைத் தொடாதிருத்தலும் தச்சறமே.

அவ்வாண்டு நவராத்திரிக்கு மிஸ்திரியைக் குடும்பத்தோடு அழைத்தோம். அவர்தம் மனைவியாரும் மகளும் பொம்மைகளைக் கண்டு மகிழ்ந்தனர். அவரோ பொம்மைகளைப் பார்க்கவில்லை; துணியை விலக்கித் தரையில் குனிந்து, பலகையின் அடிப்புறத்தைப் பார்த்தார். நீண்ட துளைகளில் விரலை வைத்துப் பார்த்து, "சரி" என்றார். எமக்கு அலுவலகத்தில் கிடைத்த எந்தப் பாராட்டுத் தாளும் அந்த ஒரு சொல்லுக்கு ஈடாகாது. எம் அன்னையார் அவரை எம்மோடு ஒரே வரிசையில் அமர்த்தி, தம் கையாலேயே உணவு பரிமாறினார்கள். எண்பத்து நான்கு வயதில், யாரும் சொல்லாமலே அவர்கள் செய்தது அது. கொல்லைப்புறத்துத் தச்சரின் நினைவு அவர்களுக்கும் வந்திருக்கலாம். யாம் கேட்கவில்லை, அவர்களும் கூறவில்லை.

அன்னையார் இன்று இல்லை. படிகள் இருக்கின்றன. தில்லியின் கோடைகள் பல கடந்தும் ஒரு பலகையும் வெடிக்கவில்லை. செட்டிச்சி பொம்மைக்கு இணையாக வேறு செட்டியாரை யாம் வாங்கவில்லை. எம் பெயர்த்தி கதவுத் துண்டொன்றில் செதுக்கிய சிறு மர உருவம் அவ்விடத்தில் அமர்ந்திருக்கிறது. அதற்கு மூக்கு சற்றுக் கோணல். தொந்தி மிகப் பொருத்தம்.

அன்பர்களே! கையின் வழியே அறிவு வளர வேண்டும் என்று காந்தியடிகள் 1937ஆம் ஆண்டு வார்தாக் கல்வி மாநாட்டில் வற்புறுத்தினார். நாம் அதைப் பாடப்புத்தகத்தில் படித்துத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினோம். கையை மட்டும் அழுக்காக்கிக்கொள்ளவில்லை. நம் குழந்தைகளுக்குச் சங்கம் தமிழ் கற்பிக்கின்றது. பாட்டும் பரதமும் கற்பிக்கின்றது. திங்களுக்கு ஒரு ஞாயிறு, இக்கட்டடத்தின் பின்முற்றத்தில் ஒரு மேசையும் நான்கு உளியும் வைத்து மரவேலையும் கற்பித்தல் ஆகாதா? கற்பிப்பவர்க்கு ஆசிரியர் என்ற பெயரும், ஆசிரியர்க்குரிய இருக்கையும், ஊதியமும் தருதல் வேண்டும். மேசையைச் செய்து தரும் பொறுப்பை யாம் ஏற்கின்றோம். துணைக்கட்டைகளும் எம்மிடம் ஆயத்தமாக உள.

ஔவையார் ஒருங்கே கண்ட இரண்டினையும் நாம் பிரித்துவிட்டோம். ஏட்டையும் உளியையும் மீண்டும் ஒரே கையில் வைப்போம். அக்கை எத்திசை சென்றாலும் வாழும்.